தாழ்ந்த காரை மூடிய வண்டியில் ஏற்றும்போது



மீஞ்சூர் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குக் கார் ஏற்றிய டிரெய்லர் புதிதல்ல. 2010-ல் எண்ணூர்த் துறைமுகத்தில் நிஸ்ஸான் கார்கள் கப்பல் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து பார்த்து வருகிறோம். (2014 முதல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர்.) பார்த்துப் பார்த்து, கார் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை என்று நானும் எண்ணியிருந்தேன். அவர்களுடையது காருக்கென்றே செய்த வண்டி, தினமும் அதே வேலையைச் செய்யும் டிரைவர். நாம் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கார் அனுப்ப ஒரு மூடிய வண்டியைப் பிடித்தால் கதை வேறு.

என் மருமகனுக்குப் புனாவுக்கு மாற்றலானபோது காரை அப்படித்தான் அனுப்பினேன். வண்டியின் தளம் தரையிலிருந்து 3 அடி உயரம், ஏற்றும் பலகை 12 அடி நீளம். முன்சக்கரங்கள் தளத்தில் ஏறிவிட்டன. அடுத்த நொடி அடிவயிறு தள விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். கொண்டி மாட்டாத பலகை பின்னால் நழுவியது. முட்டுக்கட்டையோடு பின்னால் நின்ற லோடுமேன் துள்ளி விலகியதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். சைலன்சர் குழாய் போயிற்று, அது போகட்டும். அந்த மனிதருக்கு ஏதேனும் ஆகியிருந்தால் அவர் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

தப்பு என்னுடையதும்தான். பேத்திக்கென்று டிக்கியில் 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை நான்கு வைத்திருந்தேன். அரிசி வியாபாரியின் புத்தி!

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பலகை முடிந்து தளம் தொடங்கும் இடத்தில் ஒரு மேடு உண்டாகிறது. முன்சக்கரம் அதைத் தாண்டி, பின்சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும்போது அந்த மேடு காரின் நடுவயிற்றை நோக்கி வருகிறது. எவ்வளவு வரும் என்பதற்குச் சுருக்கு வழி உண்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தளத்தின் உயரத்தால் பெருக்கி, பலகை நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். என் காருக்குச் சக்கர இடைவெளி 8 அடி, அதாவது 96 அங்குலம். 96-ஐ 3-ஆல் பெருக்கினால் 288. பலகை 12 அடி, நான்கு மடங்கு 48. வகுத்தால் 6 அங்குலம். காரின் அடிவயிறு தரையிலிருந்து ஆறரை அங்குலம். ஆக மிச்சம் அரை அங்குலம்! நூறு கிலோ அரிசி டிக்கியில் உட்கார்ந்து பின்பக்கத்தை அமுக்கியதும் அந்த அரை அங்குலமும் போய்விட்டது.

பலகையை 24 அடியாக்கினால் மேடு 3 அங்குலமாகக் குறையும். அவ்வளவு நீளப் பலகைக்கு எங்கே போவது? பலகை நீளாவிட்டால் தளத்தைத் தாழ்த்தலாம். வண்டியின் பின்சக்கரத்தைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினால் வாசல் தாழும், தளமும் பின்னோக்கிச் சாயும். இரண்டுமே மேட்டைக் குறைக்கும். கரை உயர்ந்த இடம் கிடைத்தால் பலகையின் கீழ்முனையை அதன்மேல் போடுவது இன்னும் நல்லது. பலகையைக் கொண்டியிலோ சங்கிலியிலோ பூட்டாமல் எதையும் ஏற்றக் கூடாது. ஏறும் வண்டிக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. இறக்கும் இடத்திலும் இதே மேடுதான் காத்திருக்கும் என்பதால் அங்குள்ளவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நம் கிடங்கில் பாலெட் டிராலி பலகை முனையில் மாட்டிக்கொள்வதும் இதே கணக்குதான். சக்கர இடைவெளி 48 அங்குலம், படி 1 அடி, பலகை 6 அடி என்றால் மேடு 2 அங்குலம். டிராலியின் அடி அதற்குள் இருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் நகராது.

உள்ளே போன பிறகு இன்னொரு சங்கடம், கார்க் கதவு திறக்காது. நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால், காரை இடச்சுவரை ஒட்டி நிறுத்தினால் அவர் இறங்க வழி கிடைக்கும். எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும். பெல்ட்டை டயரைச் சுற்றிக் கட்டித் தளத்துக் கொக்கியில் இழுங்கள். பாடியில் கட்டினால் ஸ்பிரிங் ஆட ஆடக் கட்டு தளர்ந்துவிடும்.

காகித விஷயம் கடைசியாக. முழு இன்ஷூரன்ஸ் உள்ள கார் பாலிசியில் சாலை, ரயில் வழியாகக் கொண்டு செல்லும்போது ஏற்படும் சேதமும் அடங்கும்; மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் அடங்காது. ஏற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் சேதத்தை லாரி ரசீதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சேதத்துக்கு வழக்குப் போடுவதானால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இது காருக்கு மட்டுமல்ல, நமக்கு வரும் பருப்பு மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் அதே சட்டம்தான்.