விபத்து நேர்ந்தால் விட்டுவிடக் கூடாதவை

சென்னையில் விபத்தில் ஆளை இழந்த குடும்பங்கள் நம்மிடம் வரும்போது, பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது. ஆகவே இதைப் படித்து வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

முதலில் 108-ஐ அழையுங்கள். உதவுபவர் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சட்டமே அவரைப் பாதுகாக்கிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும், அரசு வரையறுத்த தொகைக்குள், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊரார் என்று பார்ப்பதில்லை.

மவுத்தாகிவிட்டால், அடக்கம் தாமதமாகுமே என்று சிலர் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அந்த அறிக்கையும் எஃப்.ஐ.ஆரும் இல்லாமல் இழப்பீட்டு வழக்கு நிற்பது கடினம். அந்த இழப்பீடு விதவைக்கும் யதீம்களுக்கும் உரிய ஹக்கு. சில மணி நேர அவசரத்தில் அதை இழக்க வேண்டாம்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுச் செய்யுங்கள். இடித்த வண்டி தெரியாமல் போனாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

காகிதங்களைப் பத்திரப்படுத்தி நம் அலுவலகம் வாருங்கள். மனு எழுத உதவுகிறோம், இன்ஷா அல்லாஹ்.