குச்சித் தீவனமும் கோழியின் எடையும்

"பிராய்லர் கோழியை ஊசி போட்டுத்தான் வளர்க்கிறாங்க" என்று சொல்லும் சொந்தக்காரர் ஒருத்தராவது உங்கள் வீட்டில் இருப்பார். ஐந்து, ஆறு வாரத்தில் 2 கிலோ எடை வருவதற்குக் காரணம் ஊசி இல்லைங்க. ரகத் தேர்வு, தீவனம், பராமரிப்பு மூன்றும்தான். இதில் தீவனத்தில் நம்ம மெக்கானிக்கல் பாடத்துக்கும் பெரிய பங்கு இருக்கு.

ஏன் குச்சி?

தூளாகப் போட்டால், கோழி பெரிய மக்காச்சோளத் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்னும். வைட்டமின், தாது உப்பு எல்லாம் அடியில் தங்கிவிடும். குச்சியில் ஒவ்வொரு கொத்துக்கும் எல்லாச் சத்தும் சேர்ந்தே போகும். சிந்துவதும் குறைவு. தின்ன ஆகும் நேரமும் குறைவதால், மிச்சமாகும் சக்தி எடையாக மாறும்.

ஆலையில் நடப்பது

1. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கை ஹாமர் மில்லில் அரைத்து, மற்ற சத்துகளோடு கலப்பார்கள்.
2. கண்டிஷனரில் நீராவி விட்டு 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குவார்கள். ஸ்டார்ச் கொஞ்சம் பசையாகும், கிருமிகளும் குறையும்.
3. ரோலர்கள் மாவை டையின் ஓட்டைகள் வழியாக அழுத்தித் தள்ளும். வெளியே வருவதுதான் குச்சி.
4. கூலரில் ஆறவைப்பார்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

குஞ்சுகளுக்கு இதையே உடைத்துக் குருணையாகக் கொடுப்பார்கள்.

எங்கே சிக்கல்?

சூடு கூடினால் குச்சி உறுதியாகும். ஆனால் வைட்டமின், என்சைம் வீணாகும், லைசின் கிடைப்பதும் குறையும். டை தடிமனாக இருந்தாலும் குச்சி உறுதிதான். ஆனால் கரன்ட் செலவு ஏறும், உற்பத்தி இறங்கும். எண்ணெயைக் கலவையிலேயே அதிகம் சேர்த்தால் டையில் வழுக்கிப் போய்க் குச்சி உதிரும். அதனால் ஒரு பகுதியைக் கடைசியில் தெளிப்பார்கள்.

உறுதியை அளக்க எளிய சோதனை உண்டு. சலித்த 500 கிராம் குச்சியைப் பெட்டியில் போட்டு, நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் 10 நிமிடம் உருட்டி, மறுபடி சலிக்க வேண்டும். 450 கிராம் உடையாமல் நின்றால் உறுதி 90 சதவீதம்.

இதனால் யாருக்கு என்ன?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோ எடைக்கு 1.6 கிலோ தீவனம் என்றால், 2 கிலோ கோழிக்கு 3.2 கிலோ. அதுவே 1.7 ஆனால் 3.4 கிலோ. 5,000 கோழி உள்ள பண்ணையில் வித்தியாசம் 1,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 20.

பல்லடம் பக்கம் ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும். பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி. அந்தக் கூலி கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த விகிதத்தைப் பொறுத்துதான். குச்சி உதிர்ந்தது ஆலையிலோ லாரியிலோ இருக்கலாம். கூலி குறைவது அவருக்கு. அதனால் உங்கள் வீட்டில் பண்ணை இருந்தால், மூட்டை இறங்கிய அன்றே ஒன்றைச் சலித்து, தூளை எடை போட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். கூலி பேசும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும்.