கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாறு: நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நம் வீடுகள் பலவற்றில் விளையாட்டு நின்றுவிடுகிறது. பையனிடம் "படிப்பு கெட்டுவிடும்" என்கிறோம். பெண் பிள்ளையிடம் இன்னும் முன்பே, ஏழாவது எட்டாவதிலேயே, "போதும்மா" என்று சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் படிப்பையும் மார்க்கத்தையும் எண்ணித்தான் இப்படிச் சொல்கிறோம். ஆனால் விளையாட்டு அந்த இரண்டுக்கும் எதிரிதானா? கூடைப்பந்தின் வரலாற்றை வைத்து இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

வகுப்பில் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்து ஓர் ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உடற்கல்வி கற்பித்தார். 1891 டிசம்பரில் கடும் குளிர். வெளியே விளையாட முடியாமல் மாணவர்கள் அடங்காமல் இருந்தார்கள். அவர் பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். முட்டி மோதாமல் விளையாட வேண்டும் என்பதே அந்த விதிகளின் நோக்கம். பின்னர் அவர் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். அங்கே அவர் அணி வென்ற ஆட்டங்களைவிடத் தோற்றவையே அதிகம். ஆனாலும் அந்த ஆசானை உலகம் மறக்கவில்லை.

நந்தனத்துக்கு வந்த ஆசிரியர்

அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் 1919இல் சென்னைக்கு வந்தார். அடுத்த ஆண்டே, 1920இல், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். புத்தகக் காட்சிக்காக நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போனவர்கள் அந்த வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆசியாவில் இத்துறையின் மிகப் பழைய கல்லூரிகளில் அதுவும் ஒன்று. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியுடன் பக்கும் சென்றார். 1943இல் அவர் காலமானார். அவர் பயிற்றுவித்தது ஆட்டக்காரர்களை மட்டுமல்ல. விளையாட்டைச் சொல்லித் தரும் ஆசிரியர்களையும் உருவாக்கினார். நம் பள்ளிகளில் பி.டி. சார், பி.டி. டீச்சர் என்று நாம் அழைப்பவர்களின் படிப்பு, இந்நாட்டில் இத்தகைய கல்லூரிகளில்தான் வளர்ந்தது.

இந்த ஆட்டத்தில் நம்மவர்களும் உயர்ந்திருக்கிறார்கள். மும்பை நாக்பாடா பகுதியிலிருந்து வந்த அப்பாஸ் முன்தஸிர் இந்திய அணியின் கேப்டனாகி, 1970ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆசானும் மாணவரும்

அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்களில் மிகவும் போற்றப்படுபவர் ஜான் வுடன். ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அவருடைய யு.சி.எல்.ஏ. அணி 1964 முதல் 1975 வரை 10 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது. ஒவ்வோர் ஆண்டும் முதல் நாளில் அவர் சொல்லித் தந்தது பந்து வீச்சை அல்ல. சாக்ஸைச் சுருக்கமில்லாமல் போடுவதையும், ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுவதையும்தான். சாக்ஸ் சுருங்கினால் காலில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஆட்டம் போகும் என்பார்.

அவரிடம் பயின்ற ஒரு மாணவர் 1967, 68, 69 என மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்ற அணியில் ஆடினார். படிக்கும் காலத்திலேயே, 1968இல், இஸ்லாத்தை ஏற்றார். உலகம் இன்று அறியும் கரீம் அப்துல் ஜப்பார் அவர்தான். ஆசான் கிறிஸ்தவர், மாணவர் முஸ்லிம். 2010இல் வுடன் மறையும் வரை இருவரும் நெருங்கிய நண்பர்களாகவே இருந்தார்கள். பல சமய மக்கள் ஒன்றாக வாழும் நம் திருத்தணிக்கு இது புதிய செய்தியல்ல.

ஹிஜாபுடன் களத்தில்

இந்த ஆட்டம் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு ஊரிலேயே பிறந்தவர் பில்கீஸ் அப்துல் காதிர். பள்ளி ஆட்டங்களில் 3,070 புள்ளிகள் எடுத்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண், பெண் இரு பாலரையும் மிஞ்சிய சாதனை படைத்தார். பிறகு மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஹிஜாபுடன் ஆடிய முதல் பெண் அவரே. படிப்பிலும் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார்.

அதன் பிறகு தொழில்முறையில் ஆட விரும்பியபோது, தலையை மறைத்து ஆடக் கூடாது என்ற சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனத்தின் விதி குறுக்கே நின்றது. அவர் ஹிஜாபை விடவில்லை. ஆடும் வாய்ப்பைத்தான் இழந்தார். அவரும் வேறு பல பெண்களும் தொடர்ந்து முறையிட்டார்கள். 2017 மே மாதம் விதி மாற்றப்பட்டது. அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அவருடைய சிறந்த ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன. ஆனால் பின்னால் வரும் நம் மகள்களுக்கு அந்தக் கதவு இன்று திறந்திருக்கிறது. வீட்டிலேயே அதை நாம் மூடிவிடலாமா?

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். அதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

நாம் செய்யக்கூடியவை

1. பள்ளிக்குச் சென்று பி.டி. ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். முழுக்கை உடை, ஹிஜாப், தொழுகை நேரம் பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

2. மகளைத் தனியே அனுப்பத் தயங்கினால் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். தாய்மார் முறை வைத்து உடன் செல்லலாம்.

3. முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் பெறும் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. எந்த நிலைப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்று விண்ணப்பிக்கும் முன் கேட்டறியுங்கள்.

4. படிப்புக்கும் ஆட்டத்துக்கும் நேரம் பிரித்து ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தேர்வு மாதத்தில் ஆட்டத்தைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

பிள்ளைகளுடன் பேச மூன்று கேள்விகள்

நெய்ஸ்மித் எதற்காக இந்த ஆட்டத்தை உண்டாக்கினார்? வுடன் ஏன் சாக்ஸிலிருந்து பாடத்தைத் தொடங்கினார்? பில்கீஸின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நம் பிள்ளைகளுக்கு உடல் நலத்தையும் பயனுள்ள கல்வியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.