கடலடியில் எழும் வாயுக்கள்

மாணவர்களே! சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்கி எழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அழுத்தம் உள்ளவரை நீரில் அடங்கியிருக்கும் வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளிப்படுகின்றது. பூமியின் அடியிலுள்ள பாறைக்குழம்பின் இயல்பும் இத்தகையதே. அது கடலடியில் வெடித்தெழும்போது, நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் பிரிந்து கடல்நீரிற் கலக்கின்றன. கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் நீரை அமிலமாக்குகின்றன. அமிலம் மிகுந்த நீரில் சிப்பிகளின் ஓடு கரையும்; மீன்கள் மடிதலும் உண்டு.

வங்கக் கடலுக்குக் கிழக்கே, அந்தமான் கடலில் பாரன் தீவு உள்ளது. கடலடியிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த எரிமலையின் உச்சியே அத்தீவு. 1787ஆம் ஆண்டில் அது நெருப்பு உமிழ்ந்ததைக் கப்பலோர் கண்டனர். பின்னர் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் விழித்தது.

எரிமலை இல்லாத கடலிலும் வாயு எழுதல் உண்டு. சென்னைக்கு வடபால் உள்ள எண்ணூரில், 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, பெரியகுப்பத்தை அடுத்த கடல்நீர் கொப்புளித்தது. கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொணரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. கடுநெடி ஊருக்குள் பரவிற்று. உறக்கம் கலைந்த மீனவ மக்கள், கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்தபோது, லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்னும் வரம்பைக் கடந்து, கடல்நீரில் 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்தது.

எரிமலை வாயுக்கள் நீரை அமிலமாக்க, அம்மோனியாவோ காரமாக்குகின்றது. தன்மை வேறாயினும் துன்பம் ஒன்றே. அம்மோனியா மீனின் செவுளைப் புண்படுத்தும். மீன் அழியின், வலையை நம்பி வாழ்வோர் அடுப்பும் அணையும்.

அம்மோனியா நீரில் எளிதிற் கரைவது. ஆதலின் அதன் நெடி எழுந்தால், நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுதல் வேண்டும். கண்ணில் எரிச்சல் உண்டாயின் தூய நீரால் நெடுநேரம் கழுவுக.

எரிமலையின் சீற்றத்தைத் தடுக்க மனிதனால் இயலாது. ஆனால், அவன் கடலில் இட்ட குழாய் அவன் பொறுப்பில் உள்ளது. அதனைக் காலந்தோறும் சோதித்துப் பழுது நீக்குதலும், கசிவு நேர்ந்தால் கரையில் வாழ்வோர்க்கு உடனே அறிவித்தலும் இயலாத செயல்கள் அல்ல. தொழில் நாட்டுக்கு இன்றியமையாதது. அத்தொழிலின் அருகே வாழ்வோர் உயிரும் அத்தகையதே. நாளை பொறியாளராகவும் அலுவலராகவும் விளங்கப்போகும் நீங்கள் இதனை மறவாதிருப்பீர்களாக.