ஓடை நீரைப் பரிசோதித்துப் பாய்ச்சுங்கள்

ஓடை நீரைக் கொண்டு பயிர் செய்யும் விவசாயிகள் பலர், தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணுகின்றனர். நீரில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. பயிர் வாடி, மண்ணில் வெள்ளை பூத்த பிறகு அறிந்தால், அந்நிலத்தைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகும்.

இதற்கு நொய்யல் ஆறே சான்று. அதன் குறுக்கே பாசனத்திற்கென 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. திருப்பூர் சாய, சலவை ஆலைகளின் உப்புக் கழிவுநீர் அதில் தேங்கி, நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. கழிவுநீர் வெளியேறாத நிலையை எட்டும்வரை அவ்வாலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாதிரி எடுக்கும் முறை

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை ஓடை நீராலேயே மூன்று முறை அலசவும். ஓடும் நீரின் நடுப்பகுதியில் நிரப்பி இறுக மூடவும். நிலத்திற்கு மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றுமாக இரு மாதிரிகள் எடுப்பது நல்லது. இரண்டும் கெட்டிருந்தால் கேடு மேலிருந்து வருகிறது; கீழ் மாதிரி மட்டும் கெட்டிருந்தால் இடையில் எங்கோ கலக்கிறது. பெயர், சர்வே எண், தேதி எழுதி, 24 மணி நேரத்திற்குள் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும். நீர் வற்றும் சித்திரையிலும், மழை ஓய்ந்த தை மாதத்திலும் சோதிக்க வேண்டும்.

முடிவை அறிவது எப்படி?

உப்பின் அளவை மின்கடத்தும் திறன் காட்டும். இது 0.75 டெசிசைமன் வரை இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. 0.75 முதல் 2.25 வரை இருந்தால், வடிகால் வசதியுள்ள நிலத்தில் பருத்தி, கேழ்வரகு போன்ற உப்பைத் தாங்கும் பயிர்களைச் செய்யலாம். வெங்காயம், பீன்ஸ் தாங்கா. 2.25-க்கு மேல் சாதாரணப் பாசனத்திற்கு ஆகாது.

அளவு 2 உள்ள நீரை ஏக்கருக்கு இரண்டு அங்குல உயரம் ஒரு முறை பாய்ச்சினால், சுமார் 260 கிலோ உப்பு நிலத்தில் சேரும். பத்துத் தண்ணீருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

எஞ்சிய சோடியம் கார்பனேட் அளவு 2.5-க்கு மேல் இருந்தால் மண் இறுகும். இதற்கு ஜிப்சம் உதவும். பரிசோதனை நிலையம் கூறும் அளவில் இட வேண்டும். வெறும் உப்பு மிகுந்த நீருக்கு ஜிப்சம் பயன் தராது.

கண்ணால் காணும் அடையாளங்கள்

வாரம் ஒருமுறை ஓடையைப் பார்த்து நோட்டில் குறிக்கவும். நுரை, நிறமாற்றம், துர்நாற்றம் ஆகியவை கழிவு கலப்பதைக் காட்டும். பாசி பச்சையாகப் படர்ந்தால் எருவோ உரமோ கரைந்து வருகிறது எனலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் பிராணவாயு குறைந்துள்ளது. கல்லைப் புரட்டினால் முன்பு கண்ட பலவகைப் பூச்சிகள் மறைந்து, சிவந்த புழுக்கள் மட்டும் இருந்தால் நீர் கெட்டுவிட்டது என்று அறியலாம்.

நாம் செய்ய வேண்டியவை

* தெளிப்பானை ஓடையில் கழுவக்கூடாது. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் சிறிதளவே மீனைக் கொல்லும். கழுவிய நீரை, மருந்தடித்த வயலிலேயே தெளித்துவிடவும்.
* கரையோரம் 10 முதல் 15 அடி அகலத்திற்கு உழாமல் விட்டு, வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் வளர்க்கவும். அது வண்டலையும் உரத்தையும் தடுக்கும். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்குத் தீவனமும் ஆகும்.
* எருக்குழியைக் கரைக்கு அருகில் அமைக்க வேண்டாம். கனமழை வரும் அறிகுறி தெரிந்தால் யூரியா இடுவதை ஒத்திப்போடவும்.
* மாடுகளுக்குத் தொட்டி கட்டித் தண்ணீர் காட்டவும்.

மேலிருந்து ஆலைக் கழிவு வருமானால், அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒன்றுசேர்ந்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும், கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அப்போது, தேதிவாரியாகக் குறித்த நோட்டும் பரிசோதனை முடிவுகளும் வெறும் வாய்ச்சொல்லைவிட வலுவாக நிற்கும். ஆகவே, அடுத்த போகத்திற்கு விதை வாங்கும் முன் ஒரு பாட்டில் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.