டேட்டாபேஸுக்கு எவ்வளவு மெமரி?

புராஜெக்ட் சமயத்தில் லேபில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "அண்ணா, டேட்டாபேஸ் ரொம்ப ஸ்லோவா ஓடுது, மெமரி எவ்வளவு வைக்கணும்?" பதிலும் உடனே வந்துவிடும்: "256 எம்.பி. போடுடா, பறக்கும்!" எந்த செட்டிங், எந்த மெஷின், எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்று எதிர்க்கேள்வி கேட்பவர் குறைவு. நம்மில் பலருக்கு வீட்டில் இதையெல்லாம் விசாரிக்க ஆள் கிடையாது. சீனியர் சொன்னதே வேதவாக்கு. அதனால் சொல்பவர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரஸ் எஸ்.க்யூ.எல்.-ஐ எடுத்துக்கொள்வோம். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் தொடங்கிய ஆராய்ச்சியின் வாரிசு இது. புதியவர்கள் குழப்பிக்கொள்வது இதன் இரண்டு செட்டிங்குகளை.

முதலாவது 'ஷேர்டு பஃபர்ஸ்'. இது மேட்டூர் அணை மாதிரி, எல்லோருக்கும் பொது. டிஸ்கிலிருந்து எடுத்த டேட்டா இங்கே தேங்கி நிற்கும். வழக்கமாக 128 எம்.பி. இருக்கும். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய மெஷின் என்றால் ரேமில் கால் பங்கு வைத்து ஆரம்பிக்கலாம். 40 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பலனில்லை. ஆபரேட்டிங் சிஸ்டமும் ஃபைல்களை மெமரியில் வைத்திருக்கிறதே, அதற்கும் இடம் வேண்டாமா?

இரண்டாவது 'வொர்க் மெம்'. வம்பு இங்கேதான். இது அணையல்ல, வயலுக்கு வயல் இருக்கும் மடை. வழக்கமான அளவு 4 எம்.பி.தான். ஆனால் வரிசைப்படுத்தும் வேலை ஒவ்வொன்றும் தனித்தனியாக அவ்வளவு வரை எடுத்துக்கொள்ளும். ஒரே க்வெரியில் இப்படி இரண்டு மூன்று வேலைகள் வரலாம். நெல் கொள்முதல் கணக்குக்கு ஒரு புராஜெக்ட் செய்கிறோம், 4 ஜி.பி. ரேம், 20 பேர் ஒரே நேரத்தில் ரிப்போர்ட் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வொர்க் மெம்' 256 எம்.பி. என்றால், ஆளுக்கு ஒரு வேலை என்றாலே 5,120 எம்.பி. தலைமடையில் ஆளாளுக்கு அகலத் திறந்தால் கடைமடைக்கு என்ன வரும் என்று நமக்கா தெரியாது! மெஷின் டிஸ்கை உருட்ட ஆரம்பித்துவிடும். லினக்ஸ் என்றால் மெமரி தீர்ந்ததும் ஒரு புராசஸையே கொன்றுவிடும். அது போஸ்ட்கிரஸின் புராசஸாக இருந்தால் 20 பேரின் கனெக்ஷனும் அறுந்துபோகும். தனியாக உட்கார்ந்து டெஸ்ட் செய்தவனுக்கு இது தெரியவே தெரியாது. டெமோ அன்றைக்குத்தான் தெரியும்.

அப்படியானால் ஜூனியரிடம் என்ன சொல்வது? முதலில் அந்த க்வெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்று வந்தால் வரிசைப்படுத்த மெமரி போதாமல் டிஸ்குக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் எல்லோருக்குமாக ஏற்ற வேண்டாம். மாதக் கடைசி ரிப்போர்ட் எடுக்கும் அந்த ஒரு கனெக்ஷனில் மட்டும் 'செட்' கட்டளை கொடுத்து ஏற்றினால் போதும். அந்த வரியே வரவில்லை, பெரிய டேபிளில் நாலைந்து ரோவுக்காக 'சீக்வென்ஷியல் ஸ்கேன்' ஓடுகிறது என்றால், பெரும்பாலும் இண்டெக்ஸ் போடாததுதான் காரணம். மெமரியைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று: எண்ணுக்குப் பின்னால் எம்.பி. என்று இரண்டு பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 'ஷேர்டு பஃபர்ஸ்' எதிரில் வெறும் 128 என்று போட்டால், அதை 8 கே.பி. பக்கங்கள் 128 என்று எடுத்துக்கொள்ளும். மொத்தமே 1 எம்.பி.தான். மாற்றிய பின் சர்வரை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால்தான் இந்த செட்டிங் அமலுக்கு வரும். 'ஷோ' கட்டளை கொடுத்து வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.