மறுக்கத் தெரிந்த தலைமை

தொழில்நுட்பத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தவர்களில் பலர், கொடுத்த வேலையை மறுக்காமல் ஏற்று, இரவு பகல் பாராது முடித்துக் கொடுத்து நற்பெயர் பெற்றவர்கள். ஆனால் தலைவரான பின்னர் அந்த நற்பண்பே இடராக மாறிவிடக்கூடும். ஊழியர் ஒருவர் ‘சரி’ என்று சொன்னால் அதன் சுமையை அவரே சுமக்கிறார். தலைவர் ‘சரி’ என்று சொன்னால் சுமப்பவர்கள் அவருக்குக் கீழே பணிபுரிபவர்கள்.

இரண்டு மாத வேலையை ஒரே மாதத்தில் முடித்துத் தருமாறு வாடிக்கையாளர் கேட்கிறார். தலைவர் முகம் கோணாமல் ஒப்புக்கொள்கிறார். பரிசோதனைக்கென ஒதுக்கிய நாட்கள் முதலில் குறைகின்றன. அடுத்து ஊழியர்களின் உறக்கம் குறைகிறது. இறுதியில் வேலையின் தரம் குறைகிறது. அந்த வாடிக்கையாளரே பின்னர் மனம் வருந்துகிறார்.

ஓர் இரவின் பாடம்

1986 ஜனவரி 27. அமெரிக்காவின் ‘சேலஞ்சர்’ விண்வெளி ஓடம் மறுநாள் காலை புறப்படக் காத்திருந்தது. கடுங்குளிரில் அதன் ராக்கெட் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் விறைத்து, சூடான வாயு கசியக்கூடும் என்று ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் அஞ்சினர். வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று அன்றிரவு தொலைபேசி வழியே நடந்த கூட்டத்தில் எடுத்துரைத்தனர். நாசா அதிகாரிகள் அதை ஏற்கத் தயங்கினர். நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கலந்து பேசினர். ‘வேண்டாம்’ என்ற பரிந்துரை ‘ஏவலாம்’ என்று மாறியது.

ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஆலன் மெக்டொனால்ட் அதில் கையொப்பமிட மறுத்தார். வேறொரு மேலாளர் கையொப்பமிட்டு அனுப்பினார். மறுநாள், புறப்பட்ட 73 வினாடிகளில் ஓடம் சிதறியது; அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அந்த மேலாளர்கள் தீயவர்கள் அல்லர். ஆயினும், பெரிய வாடிக்கையாளரின் மனம் கோணக்கூடாது என்ற எண்ணம் பொறியாளர்களின் எச்சரிக்கையை வென்றுவிட்டது.

விசாரணைக் குழுவின் முன் உண்மையை உரைத்த மெக்டொனால்ட் முதலில் நிறுவனத்தில் பதவியிறக்கப்பட்டார். பின்னர் அதே இணைப்புகளைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1988 செப்டம்பரில் விண்வெளி ஓடங்கள் மீண்டும் பறந்தன.

மறுப்பது எப்படி?

மறுக்க இயலாமைக்குப் பணிவு எப்போதும் காரணமன்று. பிறர் வெறுப்பார்களோ என்ற அச்சமும், எதையும் முடிப்பவர் என்ற பெயரின்மீதுள்ள பற்றும் பெரும்பாலும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. இதைத் தமக்குள் கண்டுகொள்ளும் தலைவர் பாதி வழியைக் கடந்துவிடுகிறார்.

மறுப்பவர் முதலில் கோரிக்கையை முழுமையாகக் கேட்க வேண்டும். செய்பவர்களைக் கலந்த பின்னரே விடை கூற வேண்டும். முடியாது என்றால் நாட்களைக் கடத்தாமல், காரணத்தோடும் கனிவோடும் நேரில் சொல்ல வேண்டும். எது முடியும், எப்போது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்வது நலம். அவ்வாறே, தம் கீழுள்ளவர் ‘முடியாது’ என்று சொல்லும்போது சினம் கொள்ளாமல் செவிமடுக்கவும் வேண்டும்.

2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்–2 புறப்படுவதைக் காணக் குடியரசுத் தலைவரே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருந்தார்; நாடே விழித்திருந்தது. 56 நிமிடங்கள் எஞ்சியிருந்த வேளையில் தொழில்நுட்பக் கோளாறு தென்படவே, புறப்பாடு நிறுத்தப்பட்டது. கோளாறு சரிசெய்யப்பட்டு, ஜூலை 22 அன்று ராக்கெட் நல்லபடியாக விண்ணேறியது. அன்று காத்திருந்தவர்களின் ஏமாற்றம் ஒரே வாரத்தில் தீர்ந்தது. ‘சேலஞ்சரில்’ சென்றவர்களின் இல்லங்களிலோ அந்த இழப்பு என்றும் தீராதது.

இத்தகைய மன உறுதி நெருக்கடி நேரத்தில் திடீரெனப் பிறப்பதில்லை. அன்றாடம் வரும் சிறிய கோரிக்கைகளில் உண்மையை உரைத்துப் பழகியவருக்கே, பெரிய வேளையில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு வாய்க்கும்.